காந்தம் இழுத்த மோதிரம்

“ஐயய்யோ, காந்தத்துல ஒட்டுதே! இது அசல் வைரமே இல்ல!”

அந்தப் பெண் போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது. நூலில் கட்டித் தொங்கவிட்ட வைர மோதிரம், அவள் கைப்பையிலிருந்து எடுத்த காந்தத்தின் பக்கம் மெல்லச் சாய்ந்து ஒட்டிக்கொண்டு நின்றது.

முதலாளி பதறிப்போய் எதிர் மேஜையைப் பார்த்தார். அங்கே ஒரு கல்யாண வீடே உட்கார்ந்து நகை பார்த்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து மூன்று தடவை காபி வாங்கிக் கொடுத்து, மூக்கொழுகும் பிள்ளையைக்கூடக் கொஞ்சி, இப்போதுதான் அவர்களை வழிக்குக் கொண்டுவந்திருந்தார். கூச்சலைக் கேட்டதும் கல்யாணப் பெண்ணின் அம்மா, மகள் கழுத்தில் வைத்துப் பார்த்த நெக்லஸை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

“ஏம்மா, இந்த வித்தையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?” முதலாளி பல்லைக் காட்டினார்.

“போன்ல வீடியோ பார்த்தேன் சார். மெஷின்ல செஞ்ச வைரம்தான் காந்தத்துல ஒட்டுமாம். உள்ள இரும்பு மாட்டிக்குமாம்.”

“வீடியோவா! நல்லவேளை, அதைப் பார்த்து யாருக்கும் ஆபரேஷன் பண்ணாம விட்டீங்களே!”

கல்யாண வீடு சிரித்தது. முதலாளிக்கு உயிர் வந்தது. நாலு பேர் சிரித்துவிட்டால் போதும், அப்புறம் அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது.

அவளை ஏற இறங்கப் பார்த்தார். சாயம் போன உடுப்பு. விரல் நுனியெல்லாம் அமிலம் பட்ட மாதிரி பழைய தழும்புகள். எங்கேயோ கழிவறை கழுவுகிறவள், வாங்க வக்கில்லாமல் வம்புக்கு வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

“இது பூமிக்கடியில விளைஞ்ச அசல் வைரம்மா. விளையும்போதே இரும்பும் கந்தகமும் கலந்த தாது ஒரு துளி உள்ள சிக்கிக்கிச்சு. அதைத்தான் உங்க காந்தம் இழுக்குது. நான் சொல்லல, படிச்சவங்க சொல்றாங்க. மாப்ளே, கல்லோட வந்த அந்த ஆராய்ச்சிக் கட்டுரையை எடு!”

கல்லாவில் இருந்த மைத்துனனின் முகம் வெளிறியது. “மாமா, அது எதுக்கு மாமா இப்போ...” என்று இழுத்தான்.

“எடுடான்னா!”

கட்டுரை வந்தது. உள்ளே ஒரு வைரத்தின் பெரிய படம். நடுவில் எள்ளுப் போல ஒரு கரும்புள்ளி, மூன்று வால்களோடு. முதலாளி மோதிரத்தைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, கல்யாண வீட்டுப் பெரியவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“அதே புள்ளி, அதே மூணு வாலு. உலகத்துல வேற எந்தக் கல்லுலயும் இது கிடையாதுன்னு அச்சுல போட்டிருக்கு. படிக்கத் தெரியுமாம்மா?”

“கொஞ்சம் தெரியும் சார்.” கட்டுரையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “ஆனா படத்துல இருக்கறது இதே கல்லுதானா?”

“சத்தியமா இதேதான்!”

“நடுவுல எவனாவது தரகர் கல்லை மாத்தியிருந்தா?”

மைத்துனனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை.

“தரகரா? நம்ம கடை வாசலை ஒரு தரகன் மிதிச்சதில்ல! இந்தக் கல்லை ஆராய்ச்சி பண்ணின இடத்துலேருந்து நேரா என் கைக்கு வந்தது. நடுவுல ஈ காக்கா கிடையாது.”

“இதை அப்படியே எழுதிக் கொடுத்தீங்கன்னா மனசு ஆறிடும் சார்.”

முதலாளி கடைத் தாளிலேயே எழுதினார். சும்மா இல்லை, ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக்கொண்டே எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கல்யாண வீட்டுப் பெரியவரைச் சாட்சிக் கையெழுத்தும் போடவைத்தார். நெக்லஸ் மறுபடியும் பெண்ணின் கழுத்துக்கு ஏறியது. மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவள் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. செமத்தியாக அவமானப்பட்டுவிட்டாள், பாவம் என்று முதலாளிக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது.

“இப்பவாவது நம்பறீங்களா? இந்தக் கட்டுரையை எழுதின அம்மாவே இங்க வந்து நின்னாலும், இதே கல்லுன்னுதான் சொல்லுவாங்க!”

“வந்து நின்னு அதையேதான் சார் சொல்றேன். இந்தக் கல்லைத் திருடிட்டேன்னுதான் என்னை வேலையை விட்டுத் துரத்தினாங்க.”