மறுமுனை

"அந்த முனையை யாரும் பிடிக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

இஸ்திரி அக்கா இதைச் சொன்னது புதிதாகச் சேர்ந்த தையல்காரியிடம். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சலவைக்கூடத்தில் சில மாதங்களாக இதுதான் சட்டம்.

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். ஓட்டல் படுக்கை விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று உதறி, முனையோடு முனை சேர்த்தால்தான் மடிப்பு நேராக வரும். அங்கே மடிக்கிறவள் ஒரு பக்கத்தை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு, மறுபக்கத்தைப் பிடித்துத் தனியாக உதறிக்கொண்டிருந்தாள்.

"பாவமா இருக்கேக்கா."

"பாவமா? பெரிய மெஷினைப் பாத்துக்கிட்டிருந்த பெரியக்கா வேலையைப் பறிச்சவடி அவ."

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் பெரிய சலவை மெஷினிலிருந்து வெள்ளை விரிப்பெல்லாம் ரோஸ் நிறத்தில் வந்தன. ஏதோ சாயத்துணி உள்ளே போயிருக்கிறது. தேடியும் அது கிடைக்கவில்லை. 'யார் வேலை இது?' என்று சூப்பர்வைசர் குதித்தார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றபோது மடிக்கிறவள் மட்டும், 'பெரியக்காதான்' என்றாள். அன்று சாயங்காலமே பெரியக்காவை அனுப்பிவிட்டார்கள்.

"கூடவே உக்காந்து சாப்பிட்டவ. உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னா இதுதான்."

"ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டீங்களா?"

"என்னத்தைக் கேக்கறது? அவகூட நாங்க பேசறதே இல்லையே."

சொல்லிக்கொண்டே இஸ்திரி அக்கா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்து, பக்கத்திலிருந்த அழுக்கு விரிப்புக் குவியல்மேல் விட்டெறிந்தாள். இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவளுக்கு வேர்வையைத் துடைப்பதே பாதி வேலை.

மடிக்கிறவள் வந்தாள். துண்டைக் குவியலிலிருந்து எடுத்தாள். சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

இஸ்திரி அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் பொருளைத் தொட வேண்டாம்னு சொல்லு அவகிட்ட," என்றாள், தையல்காரியைப் பார்த்து. "ஏற்கெனவே ஒண்ணு காணாமப் போச்சு. யாரு கை வரிசைன்னு எனக்குத் தெரியாதா?"

மடிக்கிறவள் காதில் அது விழுந்தது. அவள் விரிப்பை இன்னும் பலமாக உதறினாள்.

அன்று மதியம் பெரியக்கா உள்ளே வந்தாள்.

அவள் போனதிலிருந்து பெரிய மெஷின் யாருக்கும் அடங்கவில்லை. வேறு வழியில்லாமல் சூப்பர்வைசரே கூப்பிட்டு அனுப்பியிருந்தார். எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"நீங்க போன நாள்லேர்ந்து அவகூட ஒரு வார்த்தை கிடையாதுக்கா," என்றாள் இஸ்திரி அக்கா. "சாப்பாட்டு மேசையில இடம் கிடையாது. ஒரு வாய்த் தண்ணி கேட்டாக்கூட யாரும் எடுத்துக் குடுக்க மாட்டோம். எல்லாம் உங்களுக்காகத்தான்."

பெரியக்கா ஜன்னல் கம்பியில் முடிந்திருந்த விரிப்பைப் பார்த்தாள்.

"எனக்காகவா?"

"பின்ன?"

"வேலை போனப்புறம் மக பிரசவத்துக்குப் போய் ஊர்ல கிடந்தேனே, எனக்காக எவளாவது ஒரு போன் பண்ணீங்களா? இவதான் பண்ணினா. இங்க நடக்கிற கூத்தை மட்டும் வாயே திறக்கலை."

பெரியக்கா போய்க் கம்பியிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். அந்த முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா நீங்க," இஸ்திரி அக்காவுக்குக் குரல் உயர்ந்தது. "இவ்வளவு சுலபமா மன்னிச்சா, நாளைக்கு எங்களையும் போட்டுக் குடுப்பா. உங்க பேரைச் சொன்னவ இவ!"

"சொல்லச் சொன்னதே நான்தான்டி."

பெரியக்கா முனையை விடாமல் எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள்.

"நானே ஒத்துக்கிட்டா, யாரையோ காப்பாத்தறேன்னு சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வரும். பழைய ஆளாச்சே, ரெண்டு திட்டோட விட்டுருவாங்கன்னு நினைச்சேன். என் கணக்கு தப்பாப் போச்சு. ஆனா நிஜத்தைச் சொல்லியிருந்தா, ஏற்கெனவே விரிப்பைச் சுட்டு வெச்சு எச்சரிக்கை வாங்கினவளுக்கு அன்னிக்கே வேலை போயிருக்கும். வீட்ல அவ ஒருத்தி சம்பாத்தியம்."

"அது யாரு?" என்றாள் தையல்காரி.

மடிக்கிறவள் பெரியக்காவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நீ சும்மா இரு. போதும் நீ பொறுத்தது."

பெரியக்கா தோள்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். சிவப்பாக இருந்து வெளுத்துப்போன துண்டு.

"மெஷினைத் திறந்தப்ப இதுதான் மேல கிடந்தது. நான் எடுத்து மடியில ஒளிச்சேன். பக்கத்துல இவ மட்டும்தான் நின்னா."

துண்டை ஆணியில், அங்கே தொங்கிய துண்டுக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதன் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணக் கருகல் தெரிந்தது. அது யார் துண்டு என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

இஸ்திரி அக்கா அழுக்குக் குவியலைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை.

பெரியக்கா விட்டுவிட்டு வந்த முனை தரையில் கிடந்தது. மடிக்கிறவள் தன் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"அழுக்காகுதுக்கா," என்றாள் இஸ்திரி அக்காவிடம். "அந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"