புவாசா இருந்து வாங்க

"பாய், வயித்து ஸ்கேனுக்குப் புவாசா இருந்துதானே வந்திருக்கீங்க?" மலேசியாவின் கூலாய் கிளினிக்கில் தாதி பிரேமலா கேட்டாள்.

"எச்சில்கூட முழுங்கலம்மா. புவாசான்னா நோன்பு, நோன்புன்னா நோன்புதான்!" என்றார் உணவகக்காரர் அப்துல் பாசித். தன் கடை ரொட்டி சானாய் வாசத்தையே மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்து வந்த பெருமை அவருக்கு.

ஸ்கேன் செய்த டாக்டர் சபாபதி தலையைச் சொறிந்தார். "சாப்பிட்ட மாதிரி பித்தப்பை சுருங்கிக் கிடக்கு. இதுல கல் இருக்கா இல்லையான்னு எப்படிச் சொல்றது? எப்ப சாப்பிட்டீங்க?"

"காலையில அஞ்சு மணிக்கு. ஆறு இடியாப்பம், ஆட்டுக்கறி."

"அலமாக்! ராத்திரியிலேருந்து வெறும் வயித்தோட வரணும்னுதானே புவாசான்னு சொன்னேன் பாய்!" பிரேமலா அலறினாள்.

"அதான்மா விடியறதுக்குள்ள எழுந்து சாப்பிட்டேன். சஹர் செய்யாம எப்படி நோன்பு பிடிக்கிறது?"

டாக்டர் சிரித்துவிட்டார். "நாளைக்கு வாங்க பாய். சஹரை மட்டும் எங்களுக்குக் குடுத்தனுப்பிடுங்க."