லேடி ஸ்டாஃப் மட்டும்

மறுபடியும் தட்டினாள்.

ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கட்டிலின் கம்பியில் தட்டினாள். டொக். டொக். வாயில் குழாய். இப்போதைக்கு அவளுக்கு இருந்த குரல் அதுதான்.

அவன் பச்சைத் திரைக்கு வெளியே நின்றான். கையுறைகூட மாட்டியிருந்தான்.

அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவன் ஒருவன்தான் ஆண் நர்ஸ். எல்லோருக்கும் பிரதர்.

காலை மணி பத்து. திரைக்குள் இருந்த ஐந்தாம் படுக்கை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். விட்டால் முதுகு புண்ணாகிவிடும். புரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

இரண்டு பேர் இருக்கத்தான் செய்தார்கள். எட்டுப் படுக்கைக்கு அவனும் ஜெபராணி சிஸ்டரும்.

மூச்சுக் கருவியில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு நர்ஸ் என்று படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் அதற்கு இரண்டு மதிப்பெண்.

கட்டிலின் தலைமாட்டில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, நீலப் பேனாவால் எழுதியிருந்தது.

லேடி ஸ்டாஃப் மட்டும்.

எழுதியது அவன்தான்.

அவளைச் சேர்த்த அன்று கணவர் கும்பிட்டபடி வந்தார். மினி பஸ் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"தப்பா நெனைச்சிராதீங்க தம்பி. இவ ஆம்பள டாக்டர்னா கைய மட்டுந்தான் நீட்டுவா. உடம்பு தொடைக்கது, பொரட்டிப் போடுதது எல்லாம் பொம்பளயாளே பாக்கட்டும்."

நல்ல மனிதர்தான். தணிவாகத்தான் கேட்டார்.

ஆனாலும் அவனுக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷமாக எத்தனையோ பேருக்கு மலம் துடைத்துவிட்ட கை. சரி, உங்கள் இஷ்டம் என்று பேனாவை எடுத்தான். ரோஷத்தில் எழுத்து பெரிது பெரிதாக விழுந்தது.

அவளை யாரும் கேட்கவில்லை. அவள் விழித்துத்தான் இருந்தாள்.

டொக். டொக்.

இரண்டாம் படுக்கைக்காரருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. ஜெபராணி சிஸ்டர் அவரை விட்டு நகர முடியவில்லை. ஆயாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மூன்று வார்டுக்கும் ஒரே ஆயா. யாரையோ ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள்.

அவன் திரையை ஒரு சாண் விலக்கினான்.

அவள் பார்த்தாள். கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய்க் காட்டினாள். பிறகு அதே கையால், வா என்றாள்.

அவனைத்தான்.

"சிஸ்டர் வந்துருவாங்கம்மா."

திரையை இழுத்து மூடினான்.

பத்து மணிக்குப் புரட்ட வேண்டியது, பன்னிரண்டரை ஆயிற்று.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். மற்ற ஷிப்டுகளிலும் இரண்டிரண்டு பேர்தான். அவர்களுக்கும் எட்டுப் படுக்கை.

பார்வை நேரத்தில் கணவரிடமும் முதுகைக் காட்டினாள் போலிருக்கிறது. மறுநாள் அவர் ஒரு தைலப் புட்டியோடு வந்தார். அவளுக்குப் பழைய முதுகுவலி உண்டாம். சிஸ்டரை ஒரு தடவை தேய்த்துவிடச் சொன்னார். சிஸ்டர் வாங்கி அலமாரியில் வைத்தார். பிரிக்கவே இல்லை.

ஆறாம் நாள், சிஸ்டர் திரைக்குள்ளிருந்து வந்து நிறையப் பஞ்சு எடுத்துக்கொண்டு போனார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் காய்ச்சல்.

சளிக்காய்ச்சலுக்கு வந்தவள். நுரையீரல் தெளிந்துகொண்டுதான் வந்தது. முதுகுப் புண்ணிலிருந்து ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

பிளாஸ்திரியை அவனே கிழித்துப் போட்டிருக்கலாம். அவள் வா என்று கூப்பிட்ட அன்று உள்ளே போயிருக்கலாம். யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

பத்தாம் நாளிலிருந்து தட்டும் சத்தம் இல்லை.

அவன் திரைக்கு வெளியே நின்று காத்துப் பார்த்தான்.

பதின்மூன்றாம் நாள் காலை, பதினொன்றே காலுக்கு எல்லாம் முடிந்தது.

ஸ்ட்ரெச்சர் வந்தது. தள்ளி வந்தவன் இன்னொன்றை எடுக்க ஓடிவிட்டான். ஜெபராணி சிஸ்டர் புதிதாக வந்த விபத்துக்காரரிடம் இருந்தார். சொந்தக்காரர்கள் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள்.

கணவர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"தம்பி, ஒரு கை பிடிங்க."

அவன் தலைமாட்டைப் பார்த்தான். அவரும் பார்த்தார். எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது.

"வாங்க தம்பி."

உள்ளே போனான்.

அவர் கால்பக்கம் பிடித்தார். அவன் ஒரு கையைத் தோளுக்கு அடியில் கொடுத்தான். மறு கையை இடுப்புக்கு அடியில் கொடுத்தான்.

பதின்மூன்று நாளில் அப்போதுதான் அவளைத் தொட்டான்.

ஒன்றுமே கனக்கவில்லை. ஒரே ஆள் புரட்டியிருக்கலாம்.

துணிக்கு அடியில் கட்டுப் போட்ட பஞ்சு ஈரமாகக் கையில் பட்டது. அவன் உள்ளங்கையை விட அகலமாக இருந்தது.

அவன் கையைச் சட்டென்று நகர்த்தினான். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"மெதுவா தம்பி," என்றார். "அவளுக்கு முதுகு வலிக்கும்."