ஓவர்சியர் செய்த தேக்கு வீடு

1948-இல் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்த பொருட்காட்சியில் வீட்டு மாதிரிகளுக்கென்று ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். சிதம்பரம் ஓவர்சியர் சபாநாயகம், தாம் கட்டப்போகும் வீட்டைத் தேக்கில் செய்து வைத்திருந்தார். நிஜத்தில் ஓர் அடி, மாதிரியில் அரை அங்குலம். கூரையைத் தூக்கினால் அறைகள் தெரியும். முகப்புக்கே பரிசு கிடைக்கும் என்று பேச்சு.

வாடகை வீட்டு அடுப்புப் புகையில் இருமி இருமி இளைத்துப்போன மனைவி அபயாம்பாளை ரயிலில் கூட்டிவந்து காட்டினார்.

"புகைபோக்கிய மேக்காலயா வச்சிருக்கீங்க? ஆடிக் காத்து புகைய உள்ளதான் தள்ளும்."

"கிழக்க வச்சா முகப்பெல்லாம் கரியாயிடும். ஓவர்சியர் நீயா, நானா?"

"அடுப்பூதுறது நானாச்சே!"

அன்று மாலையே அவள் சிதம்பரம் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை கூரையைத் தூக்கினார். சமையலறைச் சுவரெல்லாம் கரி படிந்திருந்தது. அடுப்புக்கு எதிரே மட்டும், ஆள் நின்று மறைத்ததுபோல் ஓர் இடம் வெளுப்பாக இருந்தது. அளந்தார். இரண்டு அங்குலம், மூன்று நூல். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆக, நாலே முக்கால் அடி. அபயாம்பாளின் உயரம்.

உளியை எடுத்தார். மேற்கு ஓட்டையை அடைத்து, முகப்பில் புதிதாக ஒன்று வெட்டினார்.

"முகப்பையே கெடுத்துட்டீங்களே, சார்!" என்றார் பரிசுக்கு மாதிரிகளைப் பார்வையிட வந்தவர்.

"இருக்கட்டுங்க."

அவர் போனதும் சபாநாயகம் குனிந்து புது ஓட்டையில் காதை வைத்தார். உள்ளே கடுகு வெடித்தது. வெகுநேரம் கேட்டார். இருமல் வரவில்லை.