ராமப்பனின் தூக்கம்

சுவரில் முதல் அடி விழுந்ததுமே ஹரீஷ்குமார் பாய்ந்துபோய்ப் பாட்டை நிறுத்தினான். பாட்டு நின்றது. அடியும் நின்றது.

"போச்சு, முழிச்சுக்கிட்டாரு," என்றான், கடித்துத் தீர்ந்துபோன நகத்தை மறுபடி கடித்தபடி.

திறந்த பீரோ கதவுகளில் கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்கு நடுவில் மைக் முன்னால் நின்றிருந்த சுவேதா தலையை வெளியே நீட்டினாள். "யாருண்ணா அது?"

"பக்கத்து வீட்டு ராமப்பண்ணன். ஃபோர்ஜிங் கம்பெனில சுத்தியல் மெஷின், நைட் ஷிப்ட். பகல்லதான் தூங்குவாரு."

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் சுவர்தான் சட்டம். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவர் சுவரைத் தட்டினால் இந்தப் பக்கம் மிக்ஸி நிற்கும், டிவி நிற்கும், புருஷன் பெண்டாட்டி சண்டைகூடப் பாதி வாக்கியத்தில் நிற்கும். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா சரோஜம்மாள் போன வாரமே சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை அவுரு சுவத்தத் தட்டற சத்தம் என் காதுல விழுந்துச்சு, அன்னிக்கே உன் சாமான் தெருவுல கெடக்கும்."

அந்தக் காது சாதாரணக் காது அல்ல. கிருஷ்ணகிரியில் குக்கர் கத்தினால் எத்தனையாவது விசில் என்று ஓசூரில் இருந்தே சொல்லும்.

ஊரில் இருக்கிற பாடகர்களுக்கெல்லாம் பீட் போட்டுக் கொடுத்தே தேய்ந்துபோன ஹரீஷ், முதல்முறையாகத் தன் பேரில் ஒரு ஹிப் ஹாப் ஆல்பம் போடுகிறான். தனி ஆல்பம் என்றுதான் பேர். உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி பாட்டுக்குப் பாட்டு ஒரு விருந்தாளி. கல்லாவியிலிருந்து ஒருவன், பாரூரிலிருந்து ஒருவன், தெலுங்கில் திட்டிக்கொண்டே ஒருவன். மாப்பிள்ளை மட்டும் வாயே திறக்கவில்லை.

கடைசி விருந்தாளி சுவேதா. தளியில் ரோஜாப் பண்ணையில் வேலை. தமிழையும் கன்னடத்தையும் ஒரே மூச்சில் பிசைந்து அவள் பாடினால் கேட்பவனுக்குச் சொந்தப் பேரே மறந்துபோகும். நாளை காலை அவளைப் புனேயில் இருக்கும் பண்ணைக்கு அனுப்புகிறார்கள். தளி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணிதான். இன்று விட்டால் கடைசிப் பாட்டும் இல்லை, ஆல்பமும் இல்லை.

"ஹெட்போன் மாட்டிக்கயேன். ஸ்பீக்கரை அணைச்சிடலாம்."

"மாட்டினா காதுக்கு மட்டுந்தான் கேக்குது. காலுக்கும் கேக்கணும்ண்ணா."

ஹரீஷ் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தான். கதவு வரை போனான், திரும்பினான், மறுபடி போனான். இத்தனை நடை நடந்திருந்தால் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியே வந்திருக்கும்.

"சரி, ஆரம்பி."

"தளி மலைக் குளிரு, சிப்காட்டு வெயிலு, ரெண்டும் என் தோலு…"

வழக்கம்போல நாலு வரி தாண்டியதும் சுவர் அதிர்ந்தது. தட். தட்தட். தட்.

ஹரீஷ் நிறுத்தினான். "நீயே நியாயம் சொல்லு. முந்தாநாள் மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் பகல் பூரா அலறுச்சு. மனுசன் தட்டல. எதிர் வீட்டுல போர் போட்டாங்க, தெருவே ஆடுச்சு. அதுக்கும் தட்டல. என் பாட்டுக்கு மட்டும் தட்டறாரு."

"உன் மேல எதுனா காண்டா?"

"தெரியல. ஆல்பம் ஆரம்பிச்ச நாளா இதே கதைதான். ஒவ்வொரு பாட்டுலயும் இவரு அடிய வெட்டி வெட்டி எடுக்கறதே எனக்குப் பொழப்பு. வழியில பாத்தா சிரிக்கறாரு வேற. சினிமா வில்லன் தோத்தான், அப்படி ஒரு சிரிப்பு."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. 

"கேட்டுச்சு," என்றாள் சரோஜம்மாள், வாசலில் நின்று. "சாமானைக் கட்டு."

"அம்மா, இது ஒண்ணே ஒண்ணுங்கம்மா. இந்தப் பொண்ணுக்கு பஸ்ஸு போயிரும்."

"எங்கிட்ட என்னாத்துக்குக் கேக்கற? தூங்கற மனுசன்கிட்ட கேளு. அவுரு பரவால்லன்னுட்டா எனக்கும் பரவால்ல. இல்லீன்னா இன்னிக்கே காலி. வா, என் முன்னாலயே கேளு."

மூவரும் பக்கத்து வாசலுக்குப் போனார்கள். ஹரீஷின் கை கதவு வரை போனது, தட்டாமலே திரும்பி வந்தது. "நான் வேணா தட்டவா?" என்றாள் சுவேதா, பஸ் கவலையில்.

அதற்குள் கதவு தானாகவே திறந்தது.

வாசலை அடைத்துக்கொண்டு ராமப்பன் நின்றார். கலைந்த லுங்கி, வேர்வையில் நனைந்த பனியன், ஆளுக்கு முன்னால் வந்து நிற்கும் மீசை, கோவைப்பழக் கண். கையில் களி கிண்டும் துடுப்பு, உலக்கைக்குத் தம்பி மாதிரி.

துடுப்பைப் பார்த்ததும் ஹரீஷ் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். எதற்கும் பின்வாங்காத சரோஜம்மாளே சுவேதாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அண்ணே, தப்புதாங்கண்ணே. எல்லாத்தையும் மூட்டை கட்டிடறேன். இனிமே இந்த வீட்டுல பாட்டே கிடையாதுங்கண்ணே."

ராமப்பன் துடுப்பை இடக்கைக்கு மாற்றினார். சிவந்துபோயிருந்த வலது உள்ளங்கையை லுங்கியில் துடைத்தார்.

"ஏம்ப்பா நிறுத்தற? இப்பத்தான் எனக்குக் கை சூடாச்சு."