தண்ணி குடிக்குதா?

மூங்கில் தட்டி வழியாக உள்ளே நீண்ட கையை முகமது இஸ்மாயில் லபக்கென்று பிடித்தார். அந்தக் கையில் ஒரு பன்.

"மாட்டினியா! விஷம் வைக்கிற வேலையா அமிர்தசாமி?"

அமிர்தசாமி முனிசிபாலிட்டியில் நாய் பிடிக்கிறவன். பாலக்கரையில் அவன் தலை தெரிந்தாலே நாய் வளர்க்கிறவன் கதவைச் சாத்துவான். லைசென்ஸ் வில்லை இல்லாத நாய்க்குச் சுருக்குக் கயிறு. ஆளைக் கடித்த நாய்க்கு அன்றைக்கே துப்பாக்கி. அதுதான் சட்டம்.

இஸ்மாயில் ஜட்கா ஓட்டுகிறவர். குதிரைக் கொட்டடிக்குக் காவல், அவர் நாய் சுல்தான். வருஷம் தவறாமல் வில்லை வாங்கி அதன் கழுத்தில் மாட்டியிருக்கிறார். அப்படியும் அன்றைக்கு ஒருநாள் கடைத்தெருவுக்குப் போன நாய், கழுத்தில் அறுந்த சுருக்கோடு ஓடி வந்தது. அதிலிருந்து கட்டித்தான் போட்டிருக்கிறார்.

அதிலிருந்துதான் இந்த ஆளும் தினம் வந்து நிற்கிறான். காக்கி அரைக்கால் சட்டையைக் காணோம், கணுக்கால் மூட வேட்டி. உடுப்பில்லாமல் வருகிறவன் சர்க்கார் வேலையாகவா வருவான்? வந்தால் ஒரே கேள்விதான்: "பாய், தண்ணி குடிக்குதா?" நாய் பிடிக்கிறவனுக்கு நாயின் தாகத்தைப் பற்றி என்ன கவலை?

"சத்தியமா விஷமில்ல பாய்."

"அப்ப நீ தின்னு, பாப்போம்."

பாதியைப் பிய்த்து வாயில் போட்டு மென்று விழுங்கினான். மீதியைச் சுல்தானிடம் எறிந்தான். அது ஒரே கவ்வில் தின்றுவிட்டு, சட்டித் தண்ணீரைச் சளப் சளப்பென்று நக்கிக் குடித்தது.

கண் கொட்டாமல் பார்த்த அமிர்தசாமி, அப்படியே தரையில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டான்.

"பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்ன பத்து நாள் கெடு இன்னியோட முடிஞ்சுது பாய்."

"என்னய்யா கெடு? என் நாயைச் சுடவா? சுல்தான் இதுவரைக்கும் ஒருத்தனைக் கடிச்சதில்ல. கடிச்சிருந்தா ஆளைக் காட்டு!"

அவன் வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கினான். கெண்டைக்காலில் பல் பதிந்த காயம், பொருக்குத் தட்டியிருந்தது.

இஸ்மாயில் சுல்தானின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல... சொல்லிட்டியா?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே சுட்டிருப்பாங்க. அது செத்துட்டா, அதுக்கு வெறி இருந்துச்சா, நான் பொழைப்பேனான்னு யாரைப் பாத்து பாய் தெரிஞ்சுக்கறது?"