கணக்கில் வராத கிலோமீட்டர்

"பொய் சொல்லி வண்டியை விக்கணும்னு எனக்கு அவசியமே இல்ல சார். பதினாலு வருஷமா ஒரே குடும்பத்து வண்டி. பள்ளிக்கூடம், கடை, ஞாயித்துக்கிழமை ஆனா சொந்தக்காரங்க வீடு. இதைத் தாண்டி இந்த வேன் எங்கேயும் போனதில்ல" என்றார் சர்வேயர்.

முப்பது வருடமாக ஊரார் நிலத்தை அளக்கிறவர். பேச்சிலும் அளவு பிசகாது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

வேனைப் பார்க்க வந்திருந்த மருந்துக்கடைக்காரருக்கு மூன்று பிள்ளைகள். பெரிய வண்டியாகத் தேடிக்கொண்டிருந்தார். பக்கவாட்டுக் கதவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"லேசாத் தூக்கிட்டு இழுக்கணுங்க" என்று சர்வேயரின் மனைவி வந்து திறந்து காட்டினாள்.

வேனை ஓட்டுவது எப்போதும் அவள்தான். சர்வேயருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி ஓட்டவேண்டும் என்று சொல்ல மட்டும் தெரியும்.

"ஒரே குறை, பெட்ரோல் கொஞ்சம் குடிக்கும். அந்த மெக்கானிக்கை நானும் திட்டாத நாள் இல்ல. அவனுக்குச் சரி பண்ணத் தெரியல" என்றார் சர்வேயர்.

"வீடு சொந்த வீடா சார்?"

கேட்டிருக்கக் கூடாது. சர்வேயருக்குப் பிடித்த பேச்சு அது.

"நான் கட்டினது சார். அதுவரைக்கும் வாடகை வீடு மாத்தியே காலம் போச்சு. எங்கப்பா கடைசி வரைக்கும் இங்கேதான் இருந்தார். கொஞ்சம் மறதி, மத்தபடி ஒரு தொந்தரவு கிடையாது. சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ இருக்கப் போய்த்தான்பா நான் வீடு வந்து சேர்ந்தேன்'னு சொல்வார். தினமும் சொல்வார் சார். சொந்த வீடுன்னா சும்மாவா?"

தலையை ஆட்டிக்கொண்டே மருந்துக்கடைக்காரர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். மீட்டரைப் பார்த்தார்.

"என்ன சார், ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம் காட்டுது? பள்ளிக்கூடமும் கடையும்னு சொன்னீங்க. வாடகைக்கு ஏதாவது ஓட்டினீங்களா?"

சர்வேயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தலையை உள்ளே நுழைத்தார். மீட்டர் பக்கம் அவர் திரும்பியது அதுதான் முதல் தடவை. உதடு அசைந்தது. பள்ளிக்கூடம் மூன்றேகால் கிலோமீட்டர், கடைத்தெரு ஒன்றரை, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"எப்படிப் பார்த்தாலும் எண்பதாயிரத்தைத் தாண்டாதே. நாற்பத்து நாலாயிரம் இடிக்குதே!"

திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரிதான் இருந்தது.

"எனக்குத் தெரியாம எங்கே போயிட்டு வந்தே?"

"அப்புறம் சொல்றேங்க. வந்தவரை வச்சுக்கிட்டு..."

"நான் அப்புறமா வரேன் சார்" என்று மருந்துக்கடைக்காரர் இறங்கப் பார்த்தார்.

"இருங்க சார். நான் பொய் சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியணும். சொல்லு, எங்கே போனே?"

"எங்கேயும் போகலைங்க. வீட்டுக்குத்தான் வந்தேன்."

"புரியற மாதிரிப் பேசு."

"மாமாவுக்காகத்தாங்க. உங்கப்பாவுக்குச் சாயங்காலம் அஞ்சு மணியானா இது யார் வீடுன்னே தெரியாது. பையை எடுத்துக்கிட்டு வாசல்ல நிப்பாரு. 'என்னை வீட்டுல கொண்டுபோய் விடுங்க'ன்னு குழந்தை மாதிரி அழுவாரு. இதுதான் உங்க வீடுன்னு சொன்னா இன்னும் மிரண்டுபோவாரு. ஒருநாள் தாங்க முடியாம வேன்ல ஏத்தி, பாலம் வரைக்கும் போய்த் திருப்பிக்கிட்டு வந்து, 'வீடு வந்துடுச்சுங்க'ன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே இறங்கினாரு. கதவைத் தொட்டுப் பார்த்தாரு. நேரா உள்ள போய்ப் படுத்துட்டாரு."

"ஒரு நாள்தானே?"

"போக வர இருபது கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வெளியே போய்த் திரும்புறதே அவருக்குப் போதும். மத்த நாளெல்லாம், ஏழு வருஷம். பசங்க டியூஷனுக்குப் போனதும் கிளம்பிடுவோம். நீங்களே பெருக்கிப் பாருங்க."

சர்வேயர் பெருக்கிப் பார்த்தார். கணக்கு சரியாக வந்தது. அந்த மனுஷருக்கு வாழ்நாளில் முதல்முறையாகக் கணக்கு சரியாக வந்ததில் சந்தோஷம் இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா வீட்டுப் பத்திரத்தை எடுத்து அவர் முன்னால விரிச்சிருப்பீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஏழு மணிக்கு நீங்க வரும்போது அவர் நல்லாத்தான் இருந்தாரு. அப்பா நல்லாயிருக்காருன்னு உங்களுக்கும் நிம்மதி. அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மருந்துக்கடைக்காரர் மெதுவாக இறங்கினார். திறந்து கிடந்த பக்கவாட்டுக் கதவை லேசாகத் தூக்கி, பக்குவமாக மூடினார். "கிலோமீட்டர் எவ்வளவு இருந்தாலும் சரிம்மா. இந்த வண்டியே எனக்குப் போதும்."

சர்வேயர் அதைக் காதில் வாங்கவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன்னை யாருன்னு நினைச்சார் அப்பா?"

"வாடகைக்கு வண்டி ஓட்டுற பொண்ணுன்னு."

"அப்போ தினமும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு..."

அவள் வேன் கதவில் இல்லாத தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"இறங்கினதும் வாடகை எவ்வளவும்மான்னு கேட்பாருங்க. 'உங்க மகன் அப்பவே கொடுத்துட்டாரு'ன்னு சொல்வேன்."